கக்கூஸ் கழுவ ஆரின்ர முறை?

9 மார்ச் 2025, ஞாயிறு

பூசை முடிய மண்டபத்தில தமிழ்ச் சபைக் கூட்டம். தபசுகாலத்துக்கு ஏதாவது நல்ல காரியம் செய்யவேணுமாம். எங்கட பங்குச் சுவாமி முந்திக் குவாத்தமாலாவில இருந்தவர். அங்க மலையில மாயன் சனத்தின்ர பள்ளிக்கூடம் ஒண்டு, முந்நூறு பிள்ளையள், உருப்படியா ஒரு கக்கூஸ் இல்லை. பெரிய பெம்பிளைப்பிள்ளையள் மாதத்தில நாலைஞ்சு நாள் பள்ளிக்கூடமே வாறேல்லையாம். கட்டிக் குடுப்பமோ எண்டு கேட்டார்.

தலைவர் செபஸ்தியாம்பிள்ளை அண்ணை நெத்தியைச் சுருக்கினார். "மாயன் அழிஞ்சு போன சனமெல்லோ சுவாமி?" சுவாமி பாவம், போன கிழமைதான் அவையோட போனில கதைச்சவர். அதுக்குள்ள தலைவரின்ர மனுசி அருமைநாயகி அக்கா வட்சப்பைத் திறந்து காட்டினா. மாயன் எண்டால் தமிழராம், ஆதியில கப்பலேறிப் போனவையாம். உடன எல்லாற்ற முகமும் மலர்ந்துது. எங்கட சனத்துக்குக் கக்கூஸ் கட்ட ஆர் மாட்டனெண்டுறது? ஏகமனதா நிறைவேறிச்சு. நான் செயலாளர், அறிக்கையில எழுதினன். கப்பலை மட்டும் விட்டிட்டன்.

12 மார்ச், புதன்

நான் வேலை செய்யிற பள்ளிக்கூடத்தில ஏழாம் வகுப்புக்காரர் ஒரு முழுக் கடதாசிச் சுருளைக் கொமட்டுக்குள்ள தள்ளி வைச்சிருந்தினம். முழங்கை வரைக்கும் கையை விட்டு எடுத்தன். பதினொரு வருசமா இந்தப் பள்ளிக்கூடத்துக் கக்கூசுகளைக் கழுவுறன். கோயில்ல கேட்டால் "பள்ளிக்கூட ஒபிசில". ரெய்னர்ஸ் லேன் பக்கம் எங்கட ஆக்களின்ர ஒரு பிறந்தநாள் விழாவில ஆரோ கேக்க வாயில வந்த பொய். பிறகு நிப்பாட்ட வழி தெரியேல்லை. வேலை உடுப்பைப் பைக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோய் அங்கதான் மாத்துறன். கள்ளி.

23 மார்ச், ஞாயிறு

அந்தப் பள்ளிக்கூடத்து ரொசாலியா ரீச்சரின்ர கடிதத்தைச் சுவாமி வாசிச்சார். அஞ்சு வருசத்துக்கு முதல் வேற ஆரோ வெளிநாட்டுக்காரர் வெள்ளைக் கொமட் வைச்சுக் கட்டிக் குடுத்தவையாம். ஆனால் மழைத்தண்ணியை விட்டால் அங்க வேற தண்ணி இல்லை. இப்ப அதுக்குள்ள சோளம் அடுக்கிக் கிடக்காம். அவ கேக்கிறது சாம்பல் தூவிற, தண்ணி தேவையில்லாத கக்கூஸ். உள்ள கிடக்கிறதை ஒரு வருசம் மூடி வைச்சால் மண்ணாப் போகுமாம். கதவுக்கு உள்ளால கொளுக்கி வேணுமாம்.

அருமைநாயகி அக்கா மூக்கைப் பொத்தினா. கடிதம் மணத்ததோ தெரியேல்லை. "இது பழைய வாளிக் கக்கூஸெல்லோ! ஆர் அள்ளுறது? அதுக்கெண்டு அங்க ஆக்கள் இருக்கினமோ?"

அதுக்கெண்டு ஆக்கள். ஒருத்தரும் விளக்கம் கேக்கேல்லை, எல்லாருக்கும் விளங்கிச்சுது. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசம். அந்த நினைப்பை மட்டும் விசா இல்லாமல் கூட்டிக்கொண்டு வந்திட்டம்.

தலைவர் சொன்னார், குடுக்கிறதைத் தரமாக் குடுக்கவேணும், வெள்ளைக் கொமட், நிலத்துக்கு மாபிள். வாசல்ல எங்கட பதினேழு பேரின்ர பேரும் வெட்டின கல்லு. கல்லின்ர நீள அகலத்துக்கு ஒண்டரை மணித்தியாலம் கதைச்சினம். தண்ணி எங்கயிருந்து வரும் எண்டு ஒரு நிமிசம் கதைக்கேல்லை. நான் மட்டும் என்ன திறமோ? குனிஞ்ச தலை நிமிராமல் எழுதினன்: "கொமட் – தீர்மானிக்கப்பட்டது."

25 மார்ச், செவ்வாய்

ரோட்டில குழாய் உடைஞ்சு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி நிண்டிட்டுது. ஒன்பதரைக்கு. பதினொண்டரைக்கு ஒரு கொமட்டின்ர மூடியும் திறக்கேலாது. பன்னிரண்டுக்குப் பிள்ளையளை வீட்ட அனுப்பிப்போட்டினம். ஒரு பிள்ளை, பதின்மூண்டு வயசிருக்கும், சுவெட்டரை இடுப்பில கட்டிக்கொண்டு சுவரோட சாஞ்சு நிண்டு அழுதுது. என்ர குடிதண்ணிப் போத்திலைக் குடுத்து, என்ர சாமான் அறைக்குள்ள விட்டு, வெளியில நிண்டு காவல் காத்தன்.

அந்த மலையில பிள்ளையளுக்கு ஒவ்வொரு நாளும் இதுதான். நாங்கள் மாபிள் அனுப்பப்போறம். ஐயோ எண்டு கிடக்கு.

வீட்ட வந்து இவரிட்டச் சொன்னன், ஞாயிற்றுக்கிழமை எழும்பிச் சொல்லப்போறன் எண்டு. "சும்மா இரன் பியற்றிஸ். பிறகு நாங்கள் அந்தக் கோயிலுக்குப் போறேல்லையோ?"

30 மார்ச், ஞாயிறு

கோடைகாலத்துக்காக மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளின நாள். கமிட்டி ஒரு மணித்தியாலம் பிந்தி வந்து மணிக்கூட்டில பழியைப் போட்டுது. மற்ற ஞாயிறுகளில ஆரில போடுறவை?

இண்டைக்கு இங்க அன்னையர் தினம், பூசையில ஆளுக்கொரு மஞ்சள் பூ தந்தவை. அதைக் கையில பிடிச்சபடி கூட்டத்தில எழும்பினன். "நான் ஒபிசில இல்லை. பதினொரு வருசமாப் பள்ளிக்கூடக் கக்கூஸ் கழுவுறன். அதால தெரிஞ்சு சொல்லுறன், தண்ணியில்லாட்டி உங்கட வெள்ளைக் கொமட் ரெண்டு மணித்தியாலம் தாங்காது." செவ்வாய்க்கிழமை நடந்ததை ஒண்டும் விடாமல் சொன்னன். சுவெட்டர் கட்டின பிள்ளையையும் சொன்னன்.

கை தூக்கினம். ரொசாலியா கேட்டதையே கட்ட ஒன்பது பேர், எதிர்த்து எட்டு. கல்லு மட்டும் இருக்குமாம், அதில பதினேழு பேரும் ஒற்றுமை. தலைவர் போகேக்க, "தங்கச்சி, இதை முதலே சொல்லியிருக்கலாமே" எண்டார். எதை எண்டு சொல்லேல்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

பூசைக்குப் பிறகு தேத்தண்ணிக்கு வழமைபோல என்ர கையால சுட்ட நாப்பது ரோல்ஸ் கொண்டு போனன். மற்ற நாளில பத்து நிமிசத்தில தட்டு வெறுமை. இண்டைக்குச் சுவாமி ரெண்டு எடுத்தார். மிச்சம் முப்பத்தெட்டும் என்னோட வீட்ட வந்துது. அருமைநாயகி அக்காவுக்குத் திடீரெண்டு கொலஸ்ட்ரோலாம். கூட இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நாளில கொலஸ்ட்ரோல்.

இவர் ஏழெட்டைத் திண்டிட்டு "உறைப்புத் திறம்" எண்டார். நான் குசினிக்குள்ள நிண்டு அழுதன். கோவத்தில எண்டு எழுதத்தான் விருப்பம். இல்லை, நொந்து போச்சு.

11 ஜூன், புதன்

அங்க மலையில அத்திவாரம் வெட்டியாச்சாம். நான் ரோல்ஸ் சுடுறதை விட்டாச்சு.

18 ஜனவரி 2026, ஞாயிறு

கட்டி முடிச்ச கக்கூஸின்ர படங்கள் வந்திட்டுது. மண்டபத்துத் திரையில போட்டினம். ஆறு கதவு, ஆறு கொளுக்கி. கக்கூஸ் திறந்த நாளிலயிருந்து ஒரு பெம்பிளைப்பிள்ளையும் வராமல் விடேல்லையாம். என்னை அறியாமல் கை தட்டிப்போட்டன்.

எங்கட கல்லை அவையள் நிலத்தில படுக்க வைச்சு, மேல சாம்பல் வாளியை வைச்சிருக்கினம். தலைவரின்ர பேர் சரியா வாளிக்குக் கீழ. நல்ல உறுதியான கல்லாம், நன்றியும் எழுதியிருக்கினம்.

படத்தில, சுவரில ஆராருக்குக் கழுவுற முறை எண்டு எழுதி ஒட்டிக் கிடந்துது. முதல் கிழமை தலைமை வாத்தியார், ரெண்டாவது ரொசாலியா, பிறகு தாய் தகப்பன்மார். "தலைமை வாத்தியாரோ?" எண்டு தலைவர் ரெண்டு தரம் கேட்டார்.

1 பெப்ரவரி, ஞாயிறு

மண்டபத்துக் கக்கூஸ் நாறுது. கழுவ வாற மனுசன் வேலையை விட்டு நிண்டிட்டார். "எங்கட பியற்றிஸ் தங்கச்சிக்கு இதில அனுபவம் இருக்குத்தானே" எண்டார் தலைவர். பத்து மாதத்துக்குப் பிறகு எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சினம்!

"ஓம் அண்ணை, அதுக்கென்ன" எண்டன். செயலாளர் எல்லோ. அந்த இடத்திலயே முறை எழுதிக் கதவில ஒட்டினன். முதல் கிழமை தலைவர், ரெண்டாவது அருமைநாயகி அக்கா, மூண்டாவது நான். சுவாமி எட்டிப் பாத்து, தன்ர பேரையும் கேட்டுப் போடுவிச்சார். அதுக்குப் பிறகு கிழிக்க ஒருத்தருக்கும் துணிவு வரேல்லை.

8 பெப்ரவரி, ஞாயிறு

அருமைநாயகி அக்கா கையுறையோட வந்தா. "இவருக்கு நாரிப்பிடிப்பு, குனியேலாது, நான் செய்யிறன்." உங்கட முறை அடுத்த கிழமை அக்கா எண்டன். என்னை ஒரு பார்வை பாத்திட்டுப் போனா.

அரை மணித்தியாலத்தால தலைவர் அண்ணை வந்தார், கோட்டு ரையோட. உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தேய்க்கிற சத்தம் வரேல்லை. பிறகு கதவு ஒரு சாண் திறந்துது.

"தங்கச்சி, பிளீச் முதலோ, பிறஷ் முதலோ?"

"பிளீச் அண்ணை. பத்து நிமிசம் ஊறவேணும்."

ஊறுமட்டும் ரெண்டு பேரும் வாசல்ல நிண்டம். நான் சிரிக்கேல்லை.