கோட்டுப் போட்ட டாக்டரும் புரட்டாசி மந்தமும்

வலங்கைமான் பக்கம், நம் வீடு
புரட்டாசி முதல் வாரம்

அன்பு மகள் செம்மொழிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, மாடு, கன்று, குளத்து மீன் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று முறைப்படி கேட்க வேண்டும், கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், போன வருஷம் காய்ச்சலில் படுத்துக்கொண்டே சுகம் என்று சொன்னவள்தானே, அதனால் உன்னைக் கேட்கவில்லை, இதைக் கொண்டுவரும் சேரனிடம் உன் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். உன் சித்தப்பா மகன் நல்லவன்தான், இருந்தாலும் உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன், ஓரம் பிரிந்திருந்தால் எனக்குச் சொல். இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போன் போட்டால் இரண்டு வார்த்தைக்குள் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், இதை அப்படி வைக்க முடியாதல்லவா. சேரன் இன்று சாயங்காலம் கும்பகோணத்தில் ரயில் ஏறினால் காலையில் பெங்களூரு வந்துவிடுவான், படித்துவிட்டு மறுவேலை பார்.

சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வருகிறது, முறை என்பது நமக்குத்தான், மேலே இருக்கிறவர்களுக்கு முறையும் கிடையாது ஒன்றும் கிடையாது, மதகுப் பலகையை யாரோ எடுத்துவிடுகிறார்கள், யாரென்று எனக்குத் தெரியும், எழுதினால் சண்டையாகும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை என்கிறார், ஆனால் வரப்பில் இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குத்தாலத்தில் பூவிழி கல்யாணம் ஐப்பசியில், அத்தை மகள் கல்யாணத்துக்கு லீவு இல்லை என்று சொல்லாதே. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீட்டுக்கு வருகிற 'கெண்டைக்குளம்' மாதப் புத்தகம் உனக்கு நினைவிருக்கும், குளம் வெட்டிய வருஷத்திலிருந்து சந்தா கட்டுகிறேன். அப்போது சின்னதாக, மட்டமான தாளில் வரும், சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு கரையில் உட்கார்ந்து படிக்கலாம். எந்த ஊர்ச் சந்தையில் கட்லா என்ன விலை, குஞ்சு எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று இருக்கும். 'நான் பட்ட பாடு' என்று ஒரு பக்கம் வருமே, மீன் செத்தவன், குஞ்சில் ஏமாந்தவன், கரை உடைந்தவன் எல்லாம் சொந்தப் பேர், ஊர் போட்டு எழுதுவார்கள், நான் முதலில் படிப்பது அதைத்தான், அடுத்தவன் பட்ட பாட்டைப் படித்தே பாதிப் பாடு எனக்கு மிச்சமாயிற்று. இப்போது புத்தகம் தாம்பாளம் அகலத்துக்கு வழவழ என்று வருகிறது. வெயிலில் விரித்தால் கண் கூசுகிறது, எழுத்து நீலத்தின் மேல் சாம்பலில் இருக்கிறது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரன் தூண்டிலும் ஏதோ ஒரு மீனுமாக நிற்கிறான், பின்னால் பனிமலை, அந்த மீனை நானும் பார்த்ததில்லை, வலங்கைமான் சந்தையும் பார்த்ததில்லை. உள்ளே ரோகு படத்தைப் போட்டுக் கட்லா என்று எழுதியிருக்கிறது. பாதிக் கட்டுரைதான் தாளில் இருக்கிறது, மீதிக்கு அந்தக் கறுப்புப் புள்ளிக் கட்டத்தைப் போனில் காட்டச் சொல்கிறார்கள், காட்டினால் கட்டுரை வரவில்லை, தீவனக் கம்பெனிப் பாட்டு வருகிறது. 'நான் பட்ட பாடு' பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் மீன் வளர்க்கிற ஒருவருக்கும் இப்போது நட்டமே வருவதில்லை போலிருக்கிறது. அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

இரண்டாவது சந்தேகம் டாக்டர் நீலமேகன் என்கிற ஆள்மேல். ஆறேழு மாதமாக நடுப்பக்கத்தில் அவர்தான் எழுதுகிறார், பேருக்கு மேலே படம், கோட்டு, டை, கண்ணாடி, ஒரு தலைமுடி கலையவில்லை. குளத்தில் இறங்குகிறவன் கழுத்தில் ஏது டை? எந்த ஊர், எந்தக் காலேஜ் என்று ஒரு வரி கிடையாது. அவர் சொல்கிற தீவனமும் எதிர்ப்பக்கத்து விளம்பரத் தீவனமும் ஒன்றே. இதே புத்தகத்தைக் கடைத்தெருவில் தீவனக்கடை வைத்தியலிங்கம் மூட்டையோடு சும்மா கொடுக்கிறான். நான் சந்தா கட்டி வாங்குகிறேன், அவன் சும்மா கொடுக்கிறான் என்றால் யார் முட்டாள்? நீலமேகனே இவன்தானோ என்று எனக்கு ஒரு நினைப்பு, நேரே போய்க் கேட்டுவிட்டேன். அவன் கல்லாவில் உட்கார்ந்து சிரித்தான். "நான் பத்தாவதே தாண்டல அக்கா, நானா கட்டுரை எழுதுவேன்? எல்லாம் பெங்களூருல ஒரு ஆபீஸுல சின்னப் புள்ளைங்க உக்காந்து எழுதுறாங்களாம். ஆட்டுப் புத்தகம், தென்னைப் புத்தகம், மீன் புத்தகம் மூணும் ஒரே ஆபீஸ்தானாம், படத்தையும் கம்ப்யூட்டரே போட்டுக் குடுத்துடுதாம்" என்றான். அவன் பேச்சை நான் என்றைக்கு நம்பியிருக்கிறேன், பெங்களூரு என்றதை மட்டும் காதில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இதற்கு நடுவில்தான் வள்ளியம்மை அக்கா விஷயம் நடந்தது. கீழத்தெரு வள்ளியம்மை, உன் பெரியம்மா முறை, நான் நடவுக்குப் போன நாளில் உனக்குச் சோறு ஊட்டியவள். இந்த வருஷம் முதல்முறையாக ஊர்க்குட்டையைக் குத்தகைக்கு எடுத்துக் குஞ்சு விட்டிருக்கிறாள், இருந்த ஆட்டையெல்லாம் விற்றுப் போட்டிருக்கிறாள், அதைத் தவிர அவளுக்கு இப்போது வேறு பிடிமானம் இல்லை. எதையாவது படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஆவணிப் புத்தகத்தை நடுப்பக்கம் பார்க்காமலே நான்தான் கொடுத்தேன். போன வாரம் வானம் மூடம் போட்டுக் காற்றே இல்லாத ஒரு விடியற்காலை, மாட்டுக்குப் புல்லறுக்க அந்தப் பக்கம் போனேன். குட்டை முழுக்க மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகிறது, அவள் கரையில் நின்று சிரித்த முகமாகக் கூடை கூடையாகத் தீவனம் இறைக்கிறாள். தண்ணீரில் காற்று இல்லாமல் மூச்சு முட்டினால்தான் அந்த நேரத்தில் மீன் அப்படி வரும், அப்போது தீவனம் போட்டால் தண்ணீர் இன்னும் கெடும், போட்டது போட்டபடி நிறுத்திவிட்டுப் புதுத்தண்ணீர் இறைக்க வேண்டும். சொன்னால் அவள், "அதெல்லாம் பசிடி செவ்வந்தி. காலையில மீன் மேல வந்து வாயத் தொறந்தா நல்ல பசின்னு டாக்டரே போட்டுருக்காரு, இன்னும் போடச் சொல்லியிருக்காரு, நீ குடுத்த புத்தகந்தானே" என்கிறாள். நான் பேசிக்கொண்டு நிற்கவில்லை, அப்பாவை எழுப்பி டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து தண்ணீரை மேலே பீய்ச்சி அடித்தோம். அதற்குள் பெரிது பெரிதாகக் கொஞ்சம் மீன் செத்து ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. அதை முந்தானையில் அள்ளும்போது அவள் அழவில்லை, என்னைத்தான் முறைத்தாள். எஞ்சின் சத்தத்தில் மீன் மிரண்டு செத்துப்போயிற்றாம், என் குளத்துக்குப் போட்டியாகிவிடும் என்று நான் செய்த வேலையாம், தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுநாளே வைத்தியலிங்கம் கடையிலிருந்து இன்னொரு மூட்டை தீவனம் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள்.

வைத்தியலிங்கம் கடையில் அதே புத்தகத்தைக் கேட்டு வாங்கிவந்து அந்தக் கட்டுரையை வரி விடாமல் படித்தேன். கடைசியில் ஒரு சின்னக் கட்டம், அதில் 'புரட்டாசியில் மீன்களுக்கு வயிற்று மந்தம் ஏற்படும், எனவே தீவனத்தைப் பாதியாகக் குறைப்பது டெல்டா விவசாயிகளின் அனுபவ அறிவு' என்று இருந்தது. டெல்டாவில் எந்த விவசாயிக்கும் அந்த அறிவு கிடையாதடி, அது நம் வீட்டில் மட்டும் உள்ளது. புரட்டாசியில் ஊரே கவிச்சி சாப்பிடாது, மீன் வாங்க ஆள் இருக்காது, விற்காத மீனுக்கு எதற்கு முழுத் தீவனம் என்று நான் பாதி போடுவேன். ஏன் பாதி என்று நீ ரெட்டைச்சடையோடு நின்று குடைந்து குடைந்து கேட்டாய், நடவு ஆள் காத்திருந்த அவசரம், "புரட்டாசியில மீனுக்கும் வயிறு மந்தம்டி, போடி" என்று விரட்டினேன். அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவுக்கே தெரியாது. கோட்டுப் போட்ட அந்த டாக்டருக்கு எப்படித் தெரிந்தது? ஆனி மாதத்தில் ஒருநாள் நீயாகப் போன் செய்து தீவனச் சாக்கை எந்த மூலையில் கட்டுவோம், மீன் எப்போது மேலே வரும் என்றெல்லாம் கேட்டாய், நம் பெண்ணுக்குக் குளத்து நினைப்பு வந்துவிட்டது என்று அன்று முழுக்க நான் பூரித்துப்போயிருந்தேன். என்ன வேலை என்று கேட்டால் கன்டென்ட் என்கிறாய், எதன் கன்டென்ட் என்றால் எல்லாம்தாம்மா என்கிறாய். அப்பாவிடம் சொன்னேன், "நீ போலீஸுல சேந்திருக்க வேண்டியவ" என்று சிரிக்கிறார், அவருக்கும் முன்பே தெரியுமோ என்று அவர்மேலும் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் அந்தப் பசி விஷயமும் எனக்குப் புரிந்தது. நீ பார்த்த மீன் வேறு. நீ எழுந்து பல் தேய்த்துக் குளத்துக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும், என் கையில் கூடையைக் கண்டதும் மீன் குதித்துக்கொண்டு மேலே வரும், அது பசிதான், நீ கைதட்டிச் சிரிப்பாய். மூடம் போட்ட நாளில் விடியும் முன் நானும் அப்பாவும் எழுந்து எஞ்சின் போட்டுத் தண்ணீர் இறைத்து முடித்துவிடுவோம், அப்போது நீ போர்வைக்குள் இருப்பாய். மூச்சு முட்டுகிற மீனை நீ ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்ததை எழுதியிருக்கிறாய், பொய் எழுதவில்லை, அதை நான் நம்புகிறேன், இந்தக் கடிதத்தில் நான் நம்புகிற ஒரே விஷயம் அதுதான். ஆனால் நீ எழுதியது சின்னப்பிள்ளை பார்த்தது, வள்ளியம்மை படித்தது டாக்டர் சொன்னது.

நீ இல்லையென்று சொன்னால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது, ஆனால் சொல்லமாட்டாய் என்று மனசு சொல்கிறது. வேலையை விடு என்று நான் கேட்கவில்லை. நான் சொன்னால் வள்ளியம்மை கேட்கமாட்டாள், போட்டிக்காரி என்று முடிவு கட்டிவிட்டாள். அவளுக்கு நீ போன் செய். பெரியம்மா, அந்த டாக்டர் நான்தான், நீ சோறு ஊட்டிய செம்மொழிதான், காலையில் மேலே வருவது பசி இல்லை, தீவனத்தை நிறுத்து, எஞ்சின் போடு என்று உன் வாயால் சொல். கோபப்படுவாள், கேவலமாகத் திட்டுவாள், வாங்கிக்கொள். இனி மழை மூடம் போட ஆரம்பித்துவிட்டது, ஒவ்வொரு விடியலும் எனக்குத் திக்கென்கிறது. அவள் கண்ணில் படாமல் கருவேலம் புதர் ஓரமாகப் போய்க் குட்டையை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன், பார்க்கிறவர்கள் மீன் திருட வந்தேன் என்று நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். அவள் குட்டை மட்டுமா, இந்தப் புத்தகம் எத்தனை ஊருக்குப் போகிறதோ, அடுத்த மாதத்தில் தப்பென்று போடச் சொல். ஆபீஸில் மாட்டேன் என்றால் 'நான் பட்ட பாடு' என்று தலைப்புக் கொடுத்து நீயே எழுதிக் கொடு, அந்தப் பக்கம் இல்லாமல்தான் இத்தனையும்.

எனக்கு ஆறாதது ஒன்று இருக்கிறது. நம் தெருவில் காலேஜ் போன முதல் பெண் நீ. உன் எழுத்து புத்தகத்தில் வந்திருக்கிறது, ஆறேழு மாதமாக என் கையிலேயே இருந்திருக்கிறது, அது உன்னுடையது என்று தெரியாமல் அதன்மேல் முறத்தை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். பேரைப் போட்டிருந்தால் பெருமையாக நாலு பேருக்குக் காட்டியிருப்பேன், தப்பு என்று தெரிந்ததும் அன்றைக்கே உன்னைத் திட்டியும் இருப்பேன், வள்ளியம்மை மீனும் பிழைத்திருக்கும். உன் முகத்துக்கு என்னடி குறைச்சல், யாரோ ஒருவன் முகத்தை வாங்கி மாட்டிக்கொள்கிறாய்?

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, சேரனிடம் கொடுத்தனுப்பிய அரிசியைப் பூச்சி வைக்க விடாதே. நம் குலசாமி உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும், உன் கை எழுதுவது நாலு பேருக்கு நல்லதாக அமையட்டும். வள்ளியம்மை எண் இல்லை என்று சொல்லாதே, பொங்கலுக்கு நீ அவளுக்குப் போட்ட வாழ்த்தை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் தப்பாக ஏதாவது இருந்தால் யாரைத் திட்டவேண்டும் என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
செவ்வந்தி ரெத்தினம்