பெரிய திரையில் உன் முகம்

புது டிவி வந்த அட்டைப்பெட்டி இன்னும் கூடத்திலேயே நிற்கிறது. குன்னூர் மழை ஈரத்தில் அது ஊறிப்போய், வீடு முழுக்க நனைந்த அட்டை வாடை. மூக்கில் ஏறும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. நீ இருந்திருந்தால் இந்நேரம் அதைத் தூக்கி வெளியே கடாசியிருப்பாய். டிவியையும் சேர்த்துத்தான்.

நம் பழைய டிவியை முதலில் வாங்க நாமிருவரும் ஊட்டிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? கடையில் பெரிய டிவியில் ஓடிய கடல் காட்சியையும் வண்ண மீன்களையும் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றேன். நீயோ கடைக்காரரிடம், "இந்தப் படமெல்லாம் வேண்டாமுங்க. எங்க ஊட்ல வர்ற கேபிளைப் போட்டுக் காட்டுங்க" என்றாய். போட்டதும் பெரிய திரையில் செய்தி வாசிப்பவர் முகம் கலங்கலாகத் தெரிந்தது. சின்னதில்தான் சரியாக இருந்தது. "குளிருக்குக் கரியடுப்பை ஒட்டி உக்கார்ற ஊட்டுக்கு இது போதுமுங்க" என்று சின்னதையே வாங்கி, என்னை இழுத்துக்கொண்டு வந்தாய்.

நீ போன பிறகு எனக்கு ஒரே ஓர் ஆசை. உன் தம்பி வீட்டுப் புதுமனை விழா வீடியோவில் ஓரிடத்தில் நீ வருகிறாய். நீ அசைந்து பேசுவது வேறு எதிலும் பதிவாகவில்லை. அந்த முகத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பெரிய ஃபோர்-கே டிவி வாங்கப் போனேன். பழைய வீடியோ தெளிவாக வருமா என்று கேட்டேன். "ஃபோர்-கே சார்! எல்லாமே கண்ணாடியாட்டம் வருமுங்க" என்றார் விற்பனையாளர். அதைப் போட்டுக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. பழையதை எக்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் போட்டால் உனக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. கட்டம் கட்டமாக ஏதோ அசைகிறது. கடைக்குப் போன் செய்தேன். "டிவியில குறையில்லீங்க சார். அந்த வீடியோவுல புள்ளி கம்மி. இவ்வளவு பெரிய திரைக்கு இழுத்தா அப்படித்தானுங்க தெரியும்." வாங்கும் முன் இதைச் சொல்ல வாயில்லையா? பழைய டிவியையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். அது அப்போதே லாரியேறி மேட்டுப்பாளையம் போய்விட்டதாம்.

"அப்பா, தள்ளி உக்காந்து பாருங்க" என்கிறாள் நம் மகள், சென்னையில் இருந்துகொண்டு. எங்கே தள்ளுவது? நாற்காலி ஏற்கெனவே பின்சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. ஆத்திரத்தில் ரிமோட்டை வீசிவிட்டு டீ போட அடுப்படிக்குப் போனேன். மேடையருகே நின்று தற்செயலாகத் திரும்பினால், கதவு வழியே நீ தெரிந்தாய். கண், மூக்குத்தி, சிரிப்பு, எல்லாம் அப்படியே.

அதனால் கூடத்துக் கரியடுப்பை விட்டுவிட்டு, தினமும் அடுப்படிக் குளிரில் நின்றுதான் உன்னைப் பார்க்கிறேன். பாயச வாளியோடு திரும்பி, "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாய். "இன்னும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தடவையும் கூடத்துக்குள் வந்துவிடுகிறேன். உடனே உன் முகம் கலைந்துபோகிறது.