சொல்லமாட்டேன் என்று சொன்னேன்

ஜூலை 14, திங்கள்
முதலாண்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். கணக்குப் பாடம் நடத்தினால் மட்டும் போதாதாம், கல்லூரிக்குப் பழகுகிறார்களா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினொரு பேர் வாய் ஓயாமல் பேசினார்கள். ஒருத்தி மட்டும் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். விடுதியில் அதற்குள் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் — ஊமைக்கோட்டான்.

ஜூலை 23, புதன்
ஊமைக்கோட்டான் வாய் திறந்தாள். கரும்பலகையில் நான் எட்டு வரியில் போட்ட கணக்கை மூன்றே வரியில் முடித்து, வகுப்பு கலைந்தபின் கொண்டுவந்து காட்டினாள். சரிதான். பதினாறு வருஷமாக நடத்துகிறேன், எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 30, புதன்
மற்ற பாடங்களில் கோட்டை விட்டிருக்கிறாள். "கேக்கும்போது புரியுது மேடம். எழுத உக்காந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது."

ஆகஸ்ட் 6, புதன்
வகுப்பில் மயங்கி விழுந்தாள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார் நர்ஸ். சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் பக்கத்தில் இடம் கொடுக்கவில்லையாம். தட்டோடு நிற்கக் கூசி, அந்த நேரம் முழுக்கக் குளியலறையில் போய் இருந்திருக்கிறாள். கட்டிலருகே உட்கார்ந்தேன். என் கையை விடவே இல்லை.
"வீட்டுக்குச் சொல்லிடாதீங்க மேடம். அப்பா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவார். அண்ணனுக்கு நான் படிக்கிறதே பிடிக்கல."
"சொல்லமாட்டேம்மா."
"சத்தியமா?"
"சத்தியமா."
நாளையிலிருந்து மதியம் என்னோடு சாப்பிடட்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
இன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். துறைத்தலைவர் இருமுவதுபோல் இருமிக் காட்டினாள். எனக்குப் புரையேறிவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்
துறைத்தலைவர் கூப்பிட்டார். "மயங்கி விழுந்த பொண்ணோட வீட்டுக்குச் சொன்னீங்களா? நாளைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது? நீங்களா?"
சாயங்காலம் போன் செய்தேன். அவள் அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப நன்றிம்மா. இனி நாங்க பாத்துக்கறோம்."
நன்றிதானே சொன்னார்? அப்புறம் ஏன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்
போயிட்டா. முதல் வகுப்பு முடியறதுக்குள்ள அப்பாவும் அண்ணனும் வந்து — ரெண்டே பெட்டி, அவ்வளவுதான். கேட் வரைக்கும் ஓடினேன். சாப்பிடுறா, தேறிட்டா, கணக்குல அவ்வளவு கெட்டி — என்னென்னமோ உளறினேன்.
"நீங்கதானே மேடம் போன் பண்ணீங்க?" என்றான் அண்ணன்.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
அவளுக்காகப் பயந்தேனா, எனக்காகவா?

ஆகஸ்ட் 13, புதன்
"உன் கடமையைத்தானே செஞ்ச" என்கிறார் வீட்டுக்காரர்.

செப்டம்பர் 21, ஞாயிறு
அவள் ஊருக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம். அப்பாவின் இரும்புக் கடை, கல்லாவில் அண்ணன். அவள் தராசருகே ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். உடம்பு தேறியிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், முந்திக்கொண்டாள்.
"இப்ப எந்தப் பாடம் மேடம் நடக்குது?"
சொன்னேன். பொட்டலம் கட்டும் தாள் ஒன்றை உருவி எழுதிக்கொண்டாள்.
"அதுக்கப்புறம்?"
அதையும் சொன்னேன். வருஷக் கடைசி வரைக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். தாள் நிறைந்துவிட்டது.
அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.
எழுத்து உள்பக்கம் போகும்படி தாளைத் திருப்பி, அதில் ஆணிகளைக் கொட்டி, மடித்து, எனக்குப் பின்னால் ஆணி வாங்க நின்றவரிடம் நீட்டினாள்.