முழங்கால் இருக்கும்போதே

திங்கள், ஒக்டோபர் 4
காலையில் தூறல். கொட்டில் வீட்டுத் தகரத்தில் இரண்டு ஓட்டை. வாளி வைத்தேன்.
நறுவிலிக்குளத்தில் மீள்குடியேறி ஒன்பது மாதம். கிணற்றடி, அடுப்படி, கக்கூசு, எல்லாம் குந்தித்தான். எழும்பினால் வலது முழங்காலுக்குள் மணல் அரைபடுகிற சத்தம். என் மனுசன், இவருக்கும் கேட்கும்.

செவ்வாய், 5
கா. 6.10 பஸ். மன்னார் கிளினிக். எக்ஸ்ரே. டொக்டர் பொம்பிளை, முப்பது வயதிருக்கும். எலும்புக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி எனக்கு இல்லையாம்.
"தேய்மானம் அம்மா. இனிக் குந்தவும் கூடாது, முழங்காலிலை நிக்கவும் கூடாது."
"கோயிலிலை?"
"கதிரையிலை இருங்கோ. அந்தோனியார் கோவிக்கமாட்டார்."
அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.
சொன்னவை: நிறை குறைக்க. துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்த, பத்துவரை எண்ண. ஊன்றுபொல்லு இடது கையில். நோவுக் குளிசை சாப்பிட்ட பிறகு மட்டும். சரிவராவிட்டால் ஊசி. கடைசியில் கொழும்பு, மூட்டு மாற்றுகிற ஒப்பரேசன்.
சூடை மீன் மலிவு. வாங்கினேன்.

புதன், 6
துவாய்ப் பயிற்சி, பத்துத்தரம்.
அன்ரன் திரும்பி வந்தால் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் வருவதாக நேர்த்தி. என் ஒரே மகன், கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அவன் வரும்போது எனக்கு முழங்கால் இருக்காது. இப்போதே செலுத்திவிடலாம். இவருக்குச் சொன்னேன்.
"வந்தாப் பிறகுதானே நேர்த்தி செலுத்திறது?"
"வந்தாப் பிறகு எனக்கு ஏலாது."
"டொக்டர் சொன்னதைக் கேளுமன்."
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். பிள்ளை இல்லை என்றே முடிவுகட்டிவிட்டார்போல. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

வெள்ளி, 8
வெயில். கோதுமை மா முடிந்தது.
பின்னேரம் கோயில். "நடக்கவேண்டாம்" என்று இவரே சைக்கிளில் ஏற்றிப் போனார். உள்ளே ஆளில்லை. வாசலில் முழந்தாளிட்டேன். நாலு வாங்கு வரிசை கடந்தேன். ஐந்து. ஏழாவது வாங்கடியில் கால் வரவில்லை. வலியில்லை, கால் என்னுடையதாகவே இல்லை. பீடத்துக்கு இன்னும் பாதித் தூரம்.
இவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி என்னை வாங்கில் இருத்தினார். வீட்டுக்குக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். சாரத்தை மடித்துக் கட்டி, நான் விட்ட இடத்தில் முழந்தாளிட்டார்.
"மிச்சத்தை நான் போறன். நீர் இரும்."
திரும்பிப் பார்க்காமல் போனார். பீடத்தடியில் அவருடைய தோள் குலுங்கியது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.