அம்மாவுக்கு எச்சில் ஊறிவிட்டது

மூங்கில்துறைப்பட்டு
12.11.1996

அன்பு மகள் பெரியநாயகிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி காசிநாதனும் சுகமாக இருக்கிறோம், போபால் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். கரும்பு வெட்ட மில்லில் உத்தரவு வந்துவிட்டது, ஆள்தான் கிடைக்கவில்லை. அது கிடக்கட்டும், அம்மாவின் பல் சமாசாரத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ போனில் பேசிய மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். கீழ்ப்பல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் கட்டுவதாகத்தானே ஏற்பாடு, பஸ்ஸில் வழியெல்லாம் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "காசி கல்யாணத்துல பொக்க வாயோட எப்பிடிங்க சபையில நிப்பேன்" என்றாள். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது, நீ சொன்னதை அப்படியே சொன்னேன். கால் எரிச்சலுக்கு மாத்திரை தின்ன ஆரம்பித்ததிலிருந்து இவளுக்கு வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அதற்காக நாளெல்லாம் கற்கண்டை அடக்கிக்கொள்கிறாள், எச்சில் ஊறினால்தான் பல்லில் தங்குகிற இனிப்பும் புளிப்பும் கழுவிப்போகும், கரைகிற பல்லுக்குச் சத்தும் எச்சிலிலிருந்துதான் திரும்பக் கிடைக்கும், அது வற்றிப்போனதால்தான் ஒரே வருஷத்தில் இத்தனை பல் சொத்தையாயிற்றோ என்று என் மகள் கேட்கச் சொன்னாள் என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நாக்குக்கு அடியில் பஞ்சை வைத்துப் பார்த்தார், பஞ்சு நனையவே இல்லை. "மாத்திர சாப்புடறத எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றவர், "யாருங்க உங்க பொண்ணு?" என்று கேட்டார். "போபால்ல பல் டாக்டருங்க" என்றேன், என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

ரெண்டே பல்லைத்தான் எடுத்தார், மற்றதையெல்லாம் அடைத்துக் காப்பாற்றிவிட்டார். மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது என்று நீ சொல்லியிருந்தாயே, அதனால் அதைக் கொடுத்த டாக்டரிடமும் போனோம், அவர் வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார். போன வாரம் அம்மா பொட்டுக்கடலையை மென்று தண்ணீர் இல்லாமலே விழுங்கிவிட்டு, "இன்னாங்க, எச்சி ஊறுதுங்க" என்று அடுப்படியிலிருந்து கூவினாள். எச்சில் பட்ட டம்ளரைத் தனியாக ஒதுக்கி வைக்கிறவள் அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறாள், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. நீ படிக்கப் போனபோது உன் சித்தப்பா அரங்கநாதன் "ஊரான் எச்சில்ல கைய வுடறதுக்கா இம்மாம் படிப்பு" என்று கேட்டானே, இப்போது அவனே வந்து, "பாப்பா போன் பண்ணா எம் பல்லையும் கொஞ்சம் கேளுண்ணே" என்கிறான். பார்த்துச் சொல், ஆனால் பீடியை மட்டும் விடமாட்டானாம்.

தையில் கல்யாணம், நாலு நாள் முன்னாலேயே வந்துவிடு. கள்ளக்குறிச்சி டாக்டரும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், நானே கூட்டிப்போகிறேன். வேளைக்குச் சாப்பிடு, லீவுக்கு இப்போதே எழுதிக்கொடுத்துவிடு, மறக்காதே. உன் கை பட்ட வாயெல்லாம் நோவில்லாமல் சிரிக்கட்டும், அம்மாவும் நானும் உன்னை அப்படித்தான் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
டாக்டர் பெரியநாயகியின் அப்பா
வ. ஆதிமூலம்