கொடுத்தவருக்கே வரி

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் சுசீலாபாய் கணவர் அருமைநாயகத்துக்குச் சீட்டு எழுதினாள். வித்துராவிலிருந்த நிலத்தை அவர் தன் விதவைத் தங்கை தாசம்மாளுக்குத் தானமாக எழுதிக்கொடுத்தது, அந்நாளில் இருந்த நன்கொடை வரியைக் கேட்டு நேற்று வந்த நோட்டீசைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

“சாவி அடுத்த வீட்டுல. மரச்சீனிக் கிழங்கு அவிச்சு வச்சிருக்கேன், மீன்கறியைச் சூடாக்கிக்கோங்க. மத்தியானம் பழவங்காடியிலேருந்து வக்கீல் வருவாரு. வாங்கினவளுக்கு வரி இல்லையாம், குடுத்த உங்களுக்குத்தானாம்! இது எந்த ஊரு நியாயமோ! குடுத்ததுக்கு எனக்குக் கோவமில்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

“தாசம்மாகிட்ட வரியப் பத்தி மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா நிலத்தைத் திருப்பித் தந்துருவா.”