சீட்டில் இரண்டு சோக்கு வட்டங்கள்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பௌர்ணமிப் போயா லீவு முடிந்து கடை திறந்தால் வாசலில் ஐந்து சீட்டு. தீபாவளிக்குப் பதின்மூன்று நாள். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பைக் சீட்டு மாற்றும் ஆசை வந்துவிடும். தனக்குச் சட்டை எடுக்கிறானோ இல்லையோ, பைக்குக்குப் புது உறை போட்டாக வேண்டும்.

இன்றைய வேலை:
– ஆட்டோ பின் சீட்டு 2 (கறுப்பு).
– பேக்கரி முதலாளியின் ஸ்கூட்டர். மூன்றாவது தடவை. மனுஷன் மெலியாமல் அந்த ஸ்பஞ்ச் நிற்காது.
– சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

பத்து மணி இருக்கும். திரைக்குப் பின்னால் மெஷினில் இருந்தேன். முன்னால், முதலாளி நானாவிடம் ஒரு குரல்.

"நானா, லுணுகலை போறதுக்குள்ள குண்டி செத்துப்போகுது நானா."

கால் தானாக மிதியை விட்டது. ஆறு வருஷத்துக்குப் பிறகும் அதே குரல். பா. என்று எழுதினால் போதும். முழுப் பெயரை எழுதி இந்தக் கொப்பியை அழுக்காக்க மாட்டேன். நாலு வருஷம் என் புருஷனாக இருந்தவன். கன்னத்தில் விட்ட ஒரே அறையில் என் இடது காதை முடித்துவைத்தவன்.

திரை இடுக்கில் பார்த்தேன். தொப்பை வைத்திருக்கிறான். தலையில் பாதி இல்லை. சந்தோஷமாக இருந்தது.

கம்பெனி ரெப் வேலைதான் இன்னும். இப்போது ரூட் அம்பாறை. நானாவிடம் கதை அளந்துகொண்டிருந்தான். "பிபிலை தாண்டுனா உக்காரவே ஏலாது. அதனாலதான் ரெண்டு ராத்திரி அம்பாறையில தங்கிக் கெடக்குறேன். சீட்டு ஒழுங்கா இருந்தா அன்னைக்கே திரும்பிருவேன். மெத்தை மாதிரி வேணும் நானா. கைய வச்சா உள்ள போகணும்."

நானா சிரித்தார். கடை முதலாளி, முஸ்லிம்; நானா என்றால் அண்ணன். முப்பது வருஷமாகக் குஷன் வேலை. "மெத்தை மாதிரி போட்டா அரை மணித்தியாலம்தான் தம்பி சொகம். பொறகு எலும்பு போய் அடித்தட்டுல முட்டும். கீழ கட்டி ஸ்பஞ்ச், மேல ஒரு விரல் மெதுவானது. தூரம் போற சீட்டு கையால தொட்டா கல்லு மாதிரிதான் இருக்கணும்."

பிறகு வழக்கம்போல உறையைக் கழற்றி ஸ்பஞ்சில் கரும்பலகைச் சோக்குத்தூள் தூவி அவனை உட்காரச் சொன்னார். எழுந்ததும் இரண்டு வட்டம். உட்காரும் எலும்பு அழுத்துகிற இடம். அந்த இடத்தைக் குடைந்து எடுத்து அளவு வைத்தால் நாள் முழுக்க ஓட்டலாம். நானாவின் முறை இதுதான். பதுளையில் வேறு யாரும் செய்வதில்லை.

பைக்கை விட்டுவிட்டுப் போனான். வியாழன் வருவானாம். வீடு ஹாலிஎலயாம். புதுப் பெண்சாதியாம்.

நானா சீட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "நீயே செய் புள்ள. ஒன் கைதான் இதுக்குச் சரி."

ஒக்டோபர் 8, புதன்

மழை இல்லை. நானா ரெக்சீன் எடுக்கப் பண்டாரவளைக்குப் போனார். கடையில் நான் மட்டும்.

அந்த இரண்டு வட்டத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவன் ரகசியம் ஒன்று என் கையில் கிடைத்திருக்கிறது, அதுவும் இவன் குண்டியின் ரகசியம். தனியாகச் சிரித்தேன். எதிர்க் கடை வொட்ச்காரர் எட்டிப் பார்த்தார்.

செய்தது:
– கட்டி ஸ்பஞ்சை எடுத்து ஓரமாக வைத்தேன். அடியிலிருந்து மேல்வரை மெது ஸ்பஞ்ச், அதன் மேல் அதே இரண்டு வட்டத்தையும் சோக்கால் வரைந்துகொண்டேன். கேட்டானே, மெத்தை. வாங்கிக்கொள்.
– முன்பக்கம் இறக்கிச் சரித்தேன். பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சறுக்கிக்கொண்டு டேங்கில் போய் முட்டுவான்.
– குறுக்கே, காலையில் வாங்கிய சிவப்பு நூலில் அலங்காரத் தையல். இரட்டை மடிப்பு, உள்ளே பட்டி. அது சரியாக இரண்டு வட்டத்தின் நடுவாலும் போகிறது. ஒரு நூல் இப்படி அப்படி இல்லை.

பார்க்க அவ்வளவு அழகு. இந்த வருஷத்தில் இவ்வளவு கவனமாக ஒன்றும் தைக்கவில்லை.

வெலிமடை ரூட்டில் ஓடிய நாட்கள் ஞாபகம் வந்தன. அப்போதெல்லாம் தினமும் பொழுதோடு வீட்டுக்கு வருவான். ஹெல்மெட்டை வைக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். ரோடு எவ்வளவு மோசமோ அன்றைக்கு எனக்கு அவ்வளவு. முதுகு வலித்தால் தேத்தண்ணியில் சீனி குறைவு என்று அடி. கால் வலித்தால் கறியில் உப்புக் கூட. கை மட்டும் அவனுக்கு ஒரு நாளும் வலித்ததில்லை.

இனியும் வலி எடுத்தால் அவன் வீட்டுக்குப் போய்த்தான் ஆற்றுவான். ஹாலிஎலக்காரி வாங்குவாள். வாங்கட்டும். நான் வாங்கவில்லையா.

ஒக்டோபர் 9, வியாழன்

எடுத்துக்கொண்டு போய்விட்டான். உட்கார்ந்து இரண்டு தரம் குதித்துப் பார்த்தான். "அட, கட்டில் மாதிரி இருக்கு நானா."

நானா பெருவிரலால் அமுக்கினார். முகம் மாறியது. உள்ளே வந்தார்.

"அமுங்குதே புள்ள."

"மேல் ஸ்பஞ்ச் புதுசு நானா. ஓட ஓட இறுகிரும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். வாசலில் மூன்று பேர் நின்றார்கள். போய்விட்டார்.

ராத்திரி சோறு நன்றாக இறங்கியது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

நமுனுகுலைக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரையில் புதிதாக இரண்டு ஓட்டை. அம்மா கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தவில்லை, முழங்கால் நிறுத்தச் சொல்கிறது.

பா. வந்த கதையைச் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். பிறகு "அவன் நல்லா இருக்கானா"ன்னு கேட்பாள். கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

ஒக்டோபர் 13, திங்கள்

அம்பாறை நாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே தைத்தேன்.

7.00 – புறப்பாடு. ராஜா மாதிரி இருப்பான்.
7.45 – பசறை. இன்னும் சிரிப்பு. தேத்தண்ணிக் கடையில் சீட்டைக் காட்டிப் பெருமை.
8.45 – லுணுகலை. தையல் வேலையைத் தொடங்கியிருக்கும். ஒரு பக்கமாக நெளிவான்.
9.30 – வளைவுகள். ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்கோடு ஒரு கும்பிடு.
10.00 – பிபிலை. இறங்கி நிற்பான். கடைக்காரன் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டான்.

அதற்குப் பிறகும் பாதித் தூரம் கிடக்கிறது. பேக்கரி முதலாளி வந்து "என்னம்மா, லொத்தர் விழுந்துருச்சா"ன்னு கேட்டார். "ஆமாங்க, சின்ன பரிசு"ன்னு சொன்னேன்.

ஒக்டோபர் 15, புதன்

நல்ல மழை. மதியத்துக்கு மேல் கடை வாசலில் ஒரு பிள்ளை. தலையில் ஷொப்பிங் பை, மார்போடு கட்டிப்பிடித்தபடி உரச்சாக்கு. சாக்குக்குள் சீட்டு. பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள்.

சிவப்பு நூலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நானா தொழுகைக்குப் போயிருந்தார். நான்தான் முன்னால் போனேன்.

இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். ரேணுகா என்று பெயர் சொன்னாள். ஊர் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டம். கல்யாணம் முடிந்து பதினாலு மாசம். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"அவங்க வரலையா?"

"அவருக்கு உக்கார ஏலாதுங்க. பிபிலைக்கு அங்கிட்டு ஓட முடியாம முந்தாநேத்தே திரும்பிட்டாரு. புதன்கிழமதான் வருவாரு எப்பவும்." பிறகு மெதுவாக, "இத சரியாப் பண்ணித் தாங்கக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சேலைத் தலைப்பை இழுத்து விட்டாள். முழங்கைக்கு மேல் நீலம்.

"அது என்னா?"

"தண்ணிப் பீலிக்கிட்ட வழுக்கிருச்சுங்க."

நானும் பீலிக்கிட்ட வழுக்கியிருக்கிறேன். கதவில் மோதியிருக்கிறேன். விறகு விழுந்திருக்கிறது. எல்லாக் கதையும் எனக்குப் பாடம்.

அப்போது தெருவில் லொறி போனது. நான் ஏதோ கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பி வலது காதை என் பக்கம் நீட்டினாள். பதில் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, நானும் வலது காதை நீட்டினேன். கவுண்டரின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

அடிக்கிற கை மாறவில்லை. பக்கமும் மாறவில்லை.

அவள் போன பிறகு நானா வந்தார். ஸ்டேப்லர் ஆணிகளைக் கழற்றி உறையை மடித்தார். தையலில் விரலை வைத்து ஓட்டினார். சோக்கு வட்டம் ஸ்பஞ்சில் இன்னும் லேசாகத் தெரிந்தது.

"கை தவறிப்போன வேலையில்ல இது."

"இல்ல நானா."

"யாரு அவன்?"

சொன்னேன். நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஏசுவார், வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன்.

"அவன்ட எலும்புக்கு நீ செஞ்சே. அது அந்தப் புள்ளைக்குப் போய் விழுந்திருக்கு. செஞ்ச கையே சரியாக்கட்டும்."

விழும் என்று எனக்கு முதலே தெரியும் என்பதை நானாவிடம் சொல்லவில்லை. 8ஆம் திகதி எழுதியதை இப்போது திரும்ப வாசித்தேன். கிழிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஒக்டோபர் 17, வெள்ளி

ஜும்மாவுக்குக் கடை பூட்டிய நேரத்திலும் உள்ளே இருந்து வேலை. கீழே கட்டி ஸ்பஞ்ச். இரண்டு வட்டத்தையும் கத்தியால் குடைந்து, கிரைண்டரால் தேய்த்து, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தேன். நடுவில் ஒரு பள்ளம், காற்றுப் போக. முன்பக்கம் சமமாக. மேலே ஒரு விரல் மெது ஸ்பஞ்ச். தையல் எல்லாம் ஓரத்துக்கு. மழைத் தண்ணி இறங்காமல் உள்ளே ஒரு பொலித்தீன்.

இரக்கம் என்று எழுதினால் பொய். அவன் மேல் ஒரு துளி இரக்கம் இல்லை. அந்தப் பெட்டை மேலும் எரிச்சல்தான். அப்படியா காதை நீட்டுவாள்? இன்னும் இரண்டு வருஷத்தில் நானாகிவிடுவாள், அதற்கு நான் நூல் கோத்துக் கொடுத்திருக்கிறேன்.

வலி இல்லாமல் வீட்டுக்குப் போனால் கை சும்மா இருக்கும். அவ்வளவுதான் கணக்கு.

முடித்து ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இந்தக் கடையில் இப்படி ஒரு சீட்டு போனதில்லை. இவனுக்கா போக வேண்டும்.

ஒக்டோபர் 18, சனி

கூட்டம். மூச்சு விட நேரம் இல்லை. பா. வந்தான், கூட்டாளி ஒருவனின் பைக்கில் தொற்றிக்கொண்டு. சீட்டைக் கொண்டுபோய் பைக்கில் பூட்டி, பத்து மணிக்குத் திரும்பவும் வந்தான். பசறை வரைக்கும் ஓடிப் பார்த்தானாம்.

"நானா, ஒங்க கைக்குத் தங்க வளையல் போடணும்."

"என் கையில்ல. உள்ள ஒரு புள்ள செஞ்சது."

"யாரா இருந்தா என்னா, கடை பேரு ஒங்களுதுதானே."

திரைப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இங்கே கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வெயில். அதிசயம். அறை வீட்டுக்காரம்மா முறுக்கு கொடுத்தார். கொஞ்சம் கடினம். கோயிலுக்குப் போனேன். யாருக்காகவும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன், கணக்கில் வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எழுதி வைக்கிறேன்.

ஒக்டோபர் 30, வியாழன்

மழை. தீபாவளி முடிந்ததும் கடை ஈ ஓட்டுகிறது. பண்டாரவளை ரெக்சீன் நிறம் மங்குகிறது, நானா திருப்பி அனுப்பப் போகிறார்.

மூன்று மணிக்கு ரேணுகா வந்தாள். கையில் இன்னொரு சீட்டு. அவனுடைய கூட்டாளிக்கும் அதே மாதிரி வேண்டுமாம். எனக்கென்று ஒரு பார்சல் பயற்றம் பணியாரம். "நீங்கதான் செஞ்சீங்கன்னு நானா சொன்னாரு"ன்னு என் கையில் வைத்தாள்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். வலது காதுப் பக்கமாக ஸ்டூலைப் போட்டேன். முழங்கை நீலம் மஞ்சளாகிவிட்டது. கழுத்தில் புதிதாக ஒன்று.

"சீட்டு இப்பவும் வலிக்குதாமா அவருக்கு?"

"இல்லக்கா. நோவே இல்லையாம். ஊரெல்லாம் சொல்றாரு."

"பிறகு என்னா?"

தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"முந்தி திங்க, செவ்வா அங்க தங்கிருவாருக்கா. அந்த ரெண்டு நாளும் நான் கதவ சாத்திட்டுத் தூங்குவேன். இப்ப காலையில நாலு மணிக்குப் போனா பொழுதோட வந்துடுறாரு. தெனமும் வந்துடுறாரு."

மூன்றே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினாள்.